நரம்பு நஞ்சும் கலைக்களஞ்சியப் பதிவும்

தமிழிலே பொருள்களை அகரவரிசைப்படுத்தி விளக்கும் பெருநூல்கள் தோன்றி ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. மானிப்பாய் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை அவர்களின் அபிதானகோசம் 1902ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திலே வெளிவந்தது. ஆ. சிங்காரவேலு முதலியார் அவர்கள் அரும்பாடுபட்டுத் தொகுத்த அபிதான சிந்தாமணி 1910ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பின்னர்ச் சென்னைத் தமிழ் வளர்ச்சிக் கழகத்தார், பெரியசாமித் தூரன் அவர்களை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டனர். இவற்றுள் இறுதித் தொகுதி இணைப்பாக அமைந்தமை கருதத்தக்கது. முதற்றொகுதி அச்சேறிய பின் உலக அறிவு நின்றுவிடவில்லை. எழுதி முடித்த பதிவும் திருத்தமும் சேர்ப்பும் வேண்டி நிற்கும் என்பதற்கு அவ்விணைப்புத் தொகுதியே சான்று.

கலைக்களஞ்சியப் பதிவு அளவிற் சிறியது, மதிப்பிற் பெரியது. ஆராய்ச்சி நூலை வாசிப்பவன் ஐயத்தோடு வாசிக்கின்றான். கலைக்களஞ்சியத்தைத் திறப்பவனோ ஐயந்தீர வேண்டித் திறக்கின்றான். ஆதலின் ஆங்குள்ள பிழை பிழையெனத் தோன்றாது மெய்யெனப் பரவும். பழம்புலவர் ஒருவரின் காலத்தை ஐம்பதாண்டு முன்பின்னாக எழுதிவிட்டால் அப்புலவருக்கு ஊறொன்றும் நேராது. ஆனால், எழுதப்படும் பொருள் நஞ்சாயின், அதிலும் சில நிமிடங்களில் உயிர் கவரும் நரம்பு நஞ்சாயின், பிழையான வரி ஓர் உயிருக்கோ ஒரு மானத்துக்கோ கேடாய் முடியலாம். அத்தகைய பதிவொன்றிலே என்னென்ன வகைப் பிழைகள் நுழைகின்றன, அவற்றைக் களையும் முறை யாது, அதனைத் திருத்துதற்கு நம் இலங்கைத் தீவும், குறிப்பாக நம் மலைநாடும், வழங்கியுள்ள சான்றுகள் யாவை என்பவற்றை வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரில் உள்ள பிழை

முதற்பிழை பெயரிலேயே உள்ளது. தபுன், சரின், சோமன், வீ.எக்ஸ் என்னும் நஞ்சுகளை "நரம்பு வாயு" என்றே பலரும் எழுதுகின்றனர். இவை வாயுக்கள் அல்ல; சாதாரண வெப்பநிலையிலே திரவங்கள். சரின் விரைந்து ஆவியாகும் திரவம். வீ.எக்ஸ் என்பதோ எண்ணெய்போல் தடித்து, மிக மெதுவாகவே ஆவியாகி, விழுந்த இடத்தில் நெடுநேரம் தங்குவது.

இப்பிழை வந்த வழியும் வரலாறே. 1915ஆம் ஆண்டு ஏப்பிரில் 22ஆந் தேதி பெல்சிய நாட்டு ஈப்பர் நகரத்தருகே யேர்மானியப் படை குளோரீன் வாயுவைத் திறந்துவிட்டது. அது மெய்யாகவே வாயு. அன்று தொட்டுப் போரில் வழங்கும் நஞ்சு யாதாயினும் அதனை வாயு என்னும் வழக்கு ஏற்பட்டது. பொருள் மாறிய பின்னும் பெயர் மாறவில்லை.

பெயர்தானே, இதனால் வருங் கேடு யாது எனச் சிலர் வினவலாம். வாயுவாயின் நோயாளியைத் திறந்த வெளிக்குக் கொண்டுவந்தவுடன் ஆபத்து நீங்கிற்று எனக் கருதுவோம். திரவமாயின் அஃது அவன் உடையிலும் தலைமயிரிலும் தங்கியிருக்கும். தூக்கிச் சென்றவனையும் மருத்துவம் செய்தவனையும் பற்றும். 1995ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆந் தேதி டோக்கியோ நகரத்துச் சுரங்க இரயிலிலே சரின் பரப்பப்பட்டபோது, நோயாளிகளை ஏற்ற வைத்தியசாலை ஊழியர் பலருக்கும் அந்நஞ்சின் அறிகுறிகள் தோன்றின. உடைகளைக் களைந்து உடலைக் கழுவிய பின்னரே உள்ளே கொண்டுசெல்லல் வேண்டும் என்னும் பாடம் அன்று பலர் துன்பத்தால் உறுதிப்பட்டது. ஆகவே, தமிழில் இதனை "நரம்பு நஞ்சு" என்பதே பொருந்தும்.

தொழிற்படும் விதம்

இந்நஞ்சு உடலிலே என் செய்கின்றது? நரம்பின் கட்டளை தசையைச் சென்றடைதற்கு அசெற்றைல்கோலின் என்னும் இரசாயனப் பொருள் தூதாக நிற்கின்றது. நரம்புகள் இரசாயனத் தூதால் செய்தி அனுப்புகின்றன என்பதை ஒற்றோ லோவி 1921ஆம் ஆண்டிலே தவளையின் இதயத்தை வைத்துக் காட்டினார். அவருக்கும் ஆங்கிலேய அறிஞர் ஹென்றி டேலுக்கும் 1936ஆம் ஆண்டில் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

தூது சென்று செய்தியை ஒப்புவித்தபின் அத்தூதினை உடனே அழிப்பதற்கென ஒரு நொதியம் உடலில் உண்டு. குளத்து மதகைத் திறந்து வேண்டிய நீரை விட்டபின் அதனை மூடும் காவலாளியைப் போன்றது அது. நரம்பு நஞ்சு இக்காவலாளியைக் கட்டிப்போடுகின்றது. மதகு திறந்தபடியே கிடக்க, வெள்ளம் வயலை அழிக்கின்றது. கண்ணின் மணி ஊசிமுனைபோற் சுருங்கும்; வாயிலும் மூக்கிலும் நீர் பெருகும்; வியர்வை வழியும்; தசைகள் துடித்துப் பின் சோரும்; சுவாசப்பை நீரால் நிறையும்; இறுதியில் மூச்சு நிற்கும். "நரம்பை அழிக்கும் நஞ்சு" என எழுதுவாரும் உளர். இஃது இரண்டாம் பிழை. நரம்பு அழிவதில்லை, அதன் செய்தி அடங்காது பெருகுவதே மரணத்துக்குக் காரணமாகும். இவ்வேறுபாட்டை அறிந்தமையாலேயே மாற்று மருந்தும் காண முடிந்தது.

கண்டுபிடிப்பின் வரலாறு

லோவியும் டேலும் பரிசு பெற்ற அதே 1936ஆம் ஆண்டின் இறுதியில், யேர்மனியின் லெவர்குசன் நகரத்திலே கெர்ஹார்ட் ஷ்ராடர் என்னும் இரசாயன அறிஞர் தபுனைக் கண்டறிந்தார். அவர் பெருநிறுவனமொன்றிலே பயிர்ப்பூச்சிகளைக் கொல்லும் மருந்தைத் தேடிக்கொண்டிருந்தவர். "ஷ்ராடர் போர்க்கருவி தேடினார்" என எழுதுவது பிழை. எனினும், "தற்செயலாக நேர்ந்தது, அவ்வளவே" என எழுதி முடிப்பதும் பாதி உண்மையே. கண்டுபிடிப்பு யேர்மானியப் படையினர்க்கு அறிவிக்கப்பட்டது, இரகசியமாக்கப்பட்டது, ஆராய்ச்சி தொடர்ந்தது. 1938இல் சரின் வந்தது. 1944இல் றிச்சாட் கூன் என்னும் நோபெல் பரிசறிஞரின் ஆய்வுகூடத்திலே சோமன் வந்தது. போர்க்காலத்தில் டீயர்ன்பூர்த் என்னுமிடத்தில் ஏறக்குறைய 12,000 தொன் தபுன் செய்யப்பட்டது. அங்கே சிறைக்கைதிகள் அடிமைகளாய் உழைத்தனர். ஆயினும் இரண்டாம் உலகப் போரின் போர்க்களத்தில் யேர்மனி இந்நஞ்சுகளை வழங்கவில்லை.

சரின் என்னும் பெயர் அதனோடு தொடர்புடைய நால்வரின் பெயரெழுத்துகளால் ஆயது. அவருள் ஷ்ராடர், அம்பிரோஸ், வான் டெர் லிண்ட என்னும் மூவர் பெயரும் எல்லா நூல்களிலும் ஒத்துக் காணப்படும். எஞ்சிய ஒருவரைச் சில நூல்கள் ரூடிகர் என்றும், வேறு சில ரிற்றர் என்றும் கூறும். இத்தகைய இடத்திலே ஒன்றைத் தள்ளி ஒன்றைக் கொள்வது பதிவாசிரியர் கடமையன்று. ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களும் உ. வே. சாமிநாதையர் அவர்களும் பிரதிகளை ஒப்புநோக்கிய வழி நமக்கு உண்டு. பாடபேதத்தை மறைக்காது காட்டுதல் நம் பதிப்பு மரபு. இரசாயனப் பதிவுக்கும் அம்மரபே பொருந்தும்.

போருக்குப் பின்னும் பயிர்மருந்துத் தேட்டமே புதிய நஞ்சுக்கு வழி திறந்தது. இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் பணியாற்றிய ரணஜித் கோஷ் என்னும் அறிஞர் 1950களின் தொடக்கத்தில் அமிற்றன் என்னும் பொருளை ஆராய்ந்தார். அது செடிகளைப் பற்றும் சிற்றுண்ணிகளுக்கு மருந்தாகச் சந்தைக்கும் வந்தது. மனிதருக்கு மிகக் கொடியது எனக் கண்டு மீட்கப்பட்டது. அதன் வழியில் ஆராய்ந்து பிரித்தானிய அரசின் ஆய்வுகூடத்தார் அடைந்ததே வீ.எக்ஸ். வயலுக்கும் போர்க்களத்துக்கும் இடையே நின்ற கதவு எத்துணை மெல்லியது என்பதற்கு இவ்வரலாறு சான்றாகும்.

உறவும் ஒருமையும்

இங்கே மிகக் கவனமாய்ப் பேசவேண்டிய இடமொன்று உண்டு. பூச்சி மருந்துகள் பலவும் போர் நஞ்சுகளும் பொசுபரசுச் சேர்வைகளாகிய ஒரே குலத்தைச் சார்ந்தன. பரதியோன் என்னும் பூச்சி மருந்தையும் ஷ்ராடரே 1944இல் ஆக்கினார். அதன் வணிகப் பெயர்களுள் ஒன்றாகிய "பொலிடோல்" நம் ஊர்ப்பேச்சிலே எல்லாப் பூச்சி மருந்துக்கும் பொதுப்பெயராய் நிலைத்துவிட்டது. 1958ஆம் ஆண்டிலே கேரளத்தில் இம்மருந்து உணவுப் பண்டங்களோடு ஒரே கப்பலில் ஏற்றப்பட்டு, அவற்றிற் கலந்தமையால் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இந்தியாவில் 1968இல் பூச்சிகொல்லிச் சட்டம் இயற்றப்பட்டதற்கு அத்துயரம் ஒரு காரணமாயிற்று.

ஆயினும், உறவு வேறு, ஒருமை வேறு. ஒரே குலத்துப் பொருள்கள் என்பதனால் ஒன்றை மற்றொன்றென எழுதுதல் தகாது. அவ்வாறு எழுதியதன் விளைவை யப்பான் நாடு கண்டது. 1994ஆம் ஆண்டு யூன் 27ஆந் தேதி மற்சுமோட்டோ நகரத்தில் இரவிலே சரின் பரவிற்று. முதலில் அவசர உதவி கோரியவர் அவ்விடத்து வாசியொருவர். அவர் மனைவி நினைவிழந்து கிடந்தார். அவர் வீட்டிலே இரசாயனப் பொருள்களும் தோட்டத்துக்குரிய பூச்சி மருந்தும் இருந்தன. அவற்றைக் கலந்தே சரின் உண்டாயிற்று என்னும் கருத்துப் பத்திரிகைகளிற் பரவியது. வீட்டிலுள்ள பூச்சி மருந்தைக் கலந்து சரின் ஆக்க இயலாது என்பது இரசாயன அறிவுடையார்க்குத் தெரிந்ததே. ஆனால், அவ்வறிவு பொதுமக்கள் வாசிக்கும் பதிவிலே தெளிவாய் நிற்கவில்லை. குற்றமற்ற அவர் பல மாதம் குற்றவாளியாய்ப் பேசப்பட்டார். அடுத்த ஆண்டு டோக்கியோவில் அதே நஞ்சு பரப்பப்பட்டு, ஓம் சின்றிக்கியோ என்னுங் கூட்டத்தார் செயலெனத் தெளிந்த பின்னரே பத்திரிகைகள் அவரிடம் மன்னிப்புக் கோரின. அவர் மனைவி பதினான்கு ஆண்டு நினைவு திரும்பாமலே கிடந்து 2008இல் இறந்தார்.

இந்நிகழ்ச்சியே எண்ணிக்கை பற்றிய ஒரு பாடமும் தருகின்றது. மற்சுமோட்டோவில் இறந்தோர் எழுவர் என 1994இல் எழுதியது சரி. 2008க்குப் பின் எண்மர் என்றல் வேண்டும். டோக்கியோவிலும் முதலிற் கூறிய பன்னிருவர் என்னும் தொகை, நீண்ட நோயால் மாண்டோரையுஞ் சேர்க்க, 2020இல் பதினால்வராயிற்று. பழைய நூலைப் பார்த்தெழுதுவோன் பொய் சொல்லவில்லை. ஆனால், உண்மையுஞ் சொல்லவில்லை. எண்ணைத் தருவோர் அஃது எந்த ஆண்டுக் கணக்கு என்பதையும் உடன் தருதல் வேண்டும்.

மலைநாட்டுச் சான்று

இனி நம் நாட்டுக்கு வருவோம். நரம்பு நஞ்சைப் பற்றிய பதிவுகளில் யேர்மனி உண்டு, யப்பான் உண்டு, இங்கிலாந்து உண்டு. இலங்கைத் தோட்டப் பகுதி அருகியே காணப்படும். ஆயினும், அக்குலத்து நஞ்சைப் பற்றிய உலக அறிவிலே நம் மலைநாட்டுக்கு ஒரு பங்கு உண்டு. அப்பங்கு துயரத்தாற் பெற்றது.

1977, 1978ஆம் ஆண்டுகளில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலே தமிழ்ப் பெண்பிள்ளைகள் இருபதுக்கு மேற்பட்டோர் கைகால் சோர்ந்து நடை தளர்ந்தனர். அவர்கள் பருவமெய்திய பிள்ளைகள் என்பதே ஆராய்ந்தோர்க்குத் துப்பாயிற்று. பிள்ளை பெரியவளானதும் உடல் உரம் பெறவென நல்லெண்ணெய் குடிக்கக் கொடுப்பது நம்மவர் வழக்கம். அந்த நல்லெண்ணெயிலே திரைகிரெசைல் பொசுபேற்று என்னும் நஞ்சு கலந்திருந்தது. முன்னர் இயந்திர எண்ணெய் நிரப்பியிருந்த கலங்களில் நல்லெண்ணெயை ஏற்றி வந்தபோது அது கலந்திருக்கலாம் என ஆராய்ச்சி காட்டிற்று. நிமால் சேனநாயக்க, ஜெ. ஜெயரத்தினம் என்னும் இலங்கை மருத்துவ அறிஞர் இருவர் இதனை 1981இல் இலண்டன் லான்செற் என்னும் மருத்துவ ஏட்டிலே வெளியிட்டனர்.

இதே நஞ்சு 1930இல் அமெரிக்காவிலே இஞ்சிச் சாராயத்திற் கலந்து ஆயிரக்கணக்கானோரை முடமாக்கிற்று. 1959இல் மொறொக்கோ நாட்டிலே சமையலெண்ணெயிற் கலந்து ஏறக்குறைய 10,000 பேரைத் தாக்கிற்று. அவ்விரண்டும் நூல்களில் இடம்பெற்றன. நம் பிள்ளைகளின் துயரமும் அவ்வரிசையிலே வைத்தெண்ணத் தக்கதே. தொகை சிறிதென்று தள்ளுதல் முறையன்று. மங்கலமாய்க் கொடுத்த எண்ணெய் நஞ்சாயிற்று, கொடுத்த தாயார்மீது குற்றமில்லை, வழக்கத்தின்மீதும் குற்றமில்லை, கலத்தைக் கழுவாது ஏற்றிய அசட்டையே குற்றம். ஆராய்ந்தோர் இன்றேல் அது கிரக தோஷமென்றோ பரம்பரை நோயென்றோ சொல்லப்பட்டு மறைந்திருக்கவுங் கூடும்.

இங்கும் துல்லியம் வேண்டும். திரைகிரெசைல் பொசுபேற்றுப் போர் நஞ்சன்று. அது சரின்போற் சில நிமிடங்களிற் கொல்வதில்லை. நாள்கள் பல கழிந்த பின்னர் நீண்ட நரம்புகளைத் தாக்கிக் காலையும் கையையும் சோர்விக்கும். இங்கே நரம்பு மெய்யாகவே சிதைகின்றது. முன்னர்ப் பிழையெனக் காட்டிய தொடர் இவ்விடத்திற் சரியாகின்றது. ஒரே குலத்து நஞ்சுகள் இரு வேறு வழியில் தொழிற்படும் என்பதைத் தெளிவாய்ப் பிரித்தெழுதுதல் வேண்டும். அன்றேல் ஒன்றன் மருந்தை மற்றொன்றுக்குத் தேடுவோம்.

மருந்து பற்றிய திருத்தம்

இலங்கையர் இத்துறையிற் செய்த திருத்தங்கள் இதனோடு நிற்கவில்லை. பூச்சி மருந்தால் நேரும் உயிரிழப்பு எத்துணைப் பெரிது என்பதை ஜெயரத்தினமும் அவருடன் ஆராய்ந்தோரும் 1982இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டிலே காட்டினர். 1970களின் பிற்பகுதியில் இலங்கையில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 13,000 பேர் அதனால் வைத்தியசாலை சேர்ந்தனர். 1,000 பேர் இறந்தனர். 1987இல் சேனநாயக்கவும் லக்ஷ்மன் கரலியத்தவும் இன்னோர் உண்மையை வெளியிட்டனர். முதல் ஆபத்துத் தீர்ந்தது எனக் கருதிய நோயாளிக்கு, ஒரு நாள் முதல் நான்கு நாள்களுக்குள் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் சோர்ந்து உயிர் போகலாம் என்பதே அவ்வுண்மை. இதனை அவர்கள் "இடைநிலைக் கூட்டறிகுறி" எனப் பொருள்படும் பெயரால் அழைத்தனர். அதற்கு முன் எழுதிய பதிவுகளில் உடனடி நோயும் நாட்பட்ட நோயும் மட்டுமே இருந்தன. நடுவிலிருந்த பள்ளம் தெரியவில்லை. நோயாளி தேறிவிட்டான் என வீட்டுக்கு அனுப்பும் வைத்தியனுக்கு இவ்வொரு வரி எத்துணை வேண்டியது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

மாற்று மருந்தைப் பற்றியும் அவ்வாறே. அத்திரோப்பீன் என்னும் மருந்து நீர்ப்பெருக்கை அடக்கி இதயத்தைத் தாங்கும். அது தசைச் சோர்வை மாற்றாது; அதற்கு மூச்சளிக்கும் இயந்திரமே துணை. ஊமத்தையிலும் இம்மருந்தின் இனம் உண்டென்பது மெய்யே. அதனைக் கேட்டு ஒருவரும் ஊமத்தையை மருந்தாகக் கொள்ளலாகாது. அளவறியா ஊமத்தை தானே நஞ்சு. 1955இல் வந்த பிரலிடொக்சைம் என்னும் மருந்து நொதியத்தை நஞ்சினின்றும் விடுவிக்கும் எனக் கொள்ளப்பட்டு, "முறிமருந்து" என நூலெல்லாம் ஏறிற்று. இலங்கையின் இரு மாவட்ட வைத்தியசாலைகளில் பூச்சி மருந்துண்ட 235 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2009இல் வெளிவந்தது. அம்மருந்து பெற்ற 121 பேரில் 30 பேர் இறந்தனர். பெறாத 114 பேரில் 18 பேர் இறந்தனர். இவ்வேறுபாடு தற்செயலாயும் இருக்கலாம் என்பது கணித நெறி. ஆயினும், மருந்தால் நன்மை விளைந்தது என்பதற்கு அவ்வாய்வு சான்று தரவில்லை. எனவே, "முறிமருந்து உண்டு" என்று ஒரு சொல்லால் முடிக்கும் பதிவு திருத்தத்துக்குரியது. போர் நஞ்சுக்கு இம்மருந்து வழங்கும் முறையும் பூச்சி மருந்துண்டோர்க்கு அது பயன்படும் அளவும் வெவ்வேறாய்க் கூறப்படல் வேண்டும்.

பதிவு துல்லியமானால் சட்டமும் துல்லியமாகும். எந்த மருந்து எத்தனை உயிரைக் கொண்டது என்னும் கணக்கு இல்லாவிடில் எதனைத் தடுப்பது? 1980ஆம் ஆண்டின் பூச்சிகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பின், 1984இல் பரதியோன் விலக்கப்பட்டது. 1995இல் மிகக் கொடிய வகையில் எஞ்சியவையும் விலக்கப்பட்டன. அவ்வாண்டில் இலட்சம் பேருக்கு 47 என நின்ற தற்கொலை மரண வீதம் 2005இல் 24 அளவுக்குக் குறைந்தது. வெலிமடை, பண்டாரவளைப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களையும் நம் லயன் வீடுகளையும் அறிந்தோர்க்கு இவ்வெண்கள் வெறும் எண்களல்ல. கோபத்தில் ஒரு கணம் கையெட்டிய போத்தல் கொடியதா, அத்துணைக் கொடியதன்றா என்பதே பலருக்கு வாழ்வும் சாவுமாயிற்று.

தமிழ்ப் பதிவுக்கென ஒரு தனி எச்சரிக்கையும் உண்டு. நம் மொழி வழக்கிலே பிணி தீர்ப்பதும் மருந்து. பூச்சி கொல்வதும் மருந்து. தோட்டத்தில் "மருந்தடித்தல்" என்பது அன்றாடச் சொல். மருந்து என்னும் பெயரைக் கேட்டு அச்சம் பிறப்பதில்லை. பதிவு எழுதுவோர் பூச்சிகொல்லி என்றோ நஞ்சு என்றோ தெளிவாய் எழுதுதல் நன்று.

திருத்தும் நெறி

இதுகாறும் கூறியவற்றிலிருந்து சில நெறிகள் பெறப்படும். பொருளின் இயல்பைச் சொல்லும்போது வழக்குப் பெயரை நம்பாது உண்மை நிலையை நோக்குதல் வேண்டும். ஆளையும் ஆண்டையும் மூலத்தோடு ஒப்பிடல் வேண்டும்; முரண்பட்டால் முரண்பாட்டையே காட்டல் வேண்டும். எண்ணோடு ஆண்டைச் சேர்த்தல் வேண்டும். உறவை ஒருமை எனக் கொள்ளலாகாது. ஆய்வு முடியுமுன் முடிவு கூறலாகாது. 2017ஆம் ஆண்டு பெப்ருவரி 13ஆந் தேதி கோலாலம்பூர் விமான நிலையத்தில் வடகொரியத் தலைவரின் தந்தைக்கு வேறு தாயிடம் பிறந்த சகோதரர் கொல்லப்பட்டார், அந்நஞ்சு வீ.எக்ஸ் என மலேசியப் பொலிசார் அறிவித்தது அம்மாதம் 24ஆந் தேதியே. இடைப்பட்ட பதினொரு நாளும் ஊகத்தை உண்மையாக எழுதியோர் பின்னர் அழித்தெழுத நேர்ந்தது.

கதை எவ்வாறு வரலாறாய் உறையும் என்பதைத் தெமோதரையில் வாழும் எமக்கு வேறெவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. எங்கள் புகையிரதப் பாதை மலையைச் சுற்றி வளைந்து, தான் வந்த நிலையத்தின் அடியிலேயே சுரங்கத்தால் நுழைந்து செல்வது. கங்காணியொருவர் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டியதைக் கண்டே பொறியியலாளர் இவ்வளைவை நினைத்தார் என்னும் கதையை வருவோர் எல்லாருங் கேட்டுச் செல்கின்றனர். இனிய கதை; சொல்லுதற்குத் தடையில்லை. ஆனால், கலைக்களஞ்சியத்திலே அதனைக் "கர்ணபரம்பரை" என்னும் சொல்லோடு எழுதுதலே நேர்மை. தலைப்பாகைக் கதையிலே பிழை நேரின் எவர்க்கும் இழப்பில்லை. நஞ்சின் கதையில் அவ்வாறன்று.

எழுதத் தகாததும் ஒன்றுண்டு. நஞ்சை ஆக்கும் முறை பொதுப் பதிவுக்கு வேண்டியதன்று. அதன் இயல்பு, அறிகுறி, முதலுதவி, வரலாறு, சட்டம் என்பனவே வாசகனுக்கு வேண்டியவை. துல்லியம் என்பது எல்லாவற்றையும் கொட்டுதலன்று. வேண்டியதைப் பிழையறக் கூறுதல்.

இரசாயனப் படைக்கலங்களை விலக்கும் உடன்படிக்கை 1993இல் கைச்சாத்துக்கு வைக்கப்பட்டு, 1997ஆம் ஆண்டு ஏப்பிரில் 29ஆந் தேதி நடைமுறைக்கு வந்தது. அதன்படி நாடுகள் அறிவித்த இருப்புகள் யாவும் 2023ஆம் ஆண்டு யூலை மாதத்தோடு அழிக்கப்பட்டன. அறிவிக்காதவை இல்லையென்று இதனாற் கொள்ளலாகாது. "அறிவித்த" என்னும் ஒரு சொல்லை விட்டெழுதினால் உலகமே நஞ்சற்றதாய்விடும். அச்சொல்லைச் சேர்த்தெழுதினால் விழிப்பு நிலைக்கும். ஒரு சொல்லின் நிறை அத்துணை.

இன்று கணினிவழிக் கலைக்களஞ்சியங்கள் வந்துவிட்டன. முன்னர் இணைப்புத் தொகுதிக்காகப் பல்லாண்டு காத்திருந்த திருத்தத்தை இன்று மேல்வகுப்பு மாணவன் ஒருவனே முன்வைக்கலாம். உரிமை எளிதாயிற்று, கடமை எளிதாகவில்லை. இரசாயனங் கற்கும் மாணவரும் வரலாறு கற்கும் மாணவரும் சேர்ந்திருந்து இத்தகைய பதிவொன்றை எடுத்து வரிவரியாய்ச் சோதிப்பாராயின், அது பரீட்சைக்கும் உதவும், நாட்டுக்கும் உதவும். பழைய மாணவருள் வைத்தியராய் உள்ளோர் அவர்க்கு வழிகாட்டலாம். அப்பதிவிலே ஷ்ராடரின் பெயர் நிற்கும், டோக்கியோ நிற்கும். நல்லெண்ணெய் குடித்து நடை தளர்ந்த நம் தோட்டத்துப் பெண்பிள்ளைகளுக்கும் ஒரு வரி, ஆண்டும் காரணமும் பிழையாதபடி, அங்கே நிற்றல் வேண்டும்.